எண்ணிக்கை, எடை, கருமை: இலண்டன் நகரக் காற்றில் துகளடர்த்தியை அளந்த முறைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நகரக் காற்றில் மிதக்கும் துகள்களின் அடர்த்தி இன்று ஒரு கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என ஒற்றை எண்ணாகச் சொல்லப்படுகிறது. இவ்வெண் இயற்கையில் ஆயத்தமாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிமுதல் துகள்கள் எண்ணப்பட்டன. வீழ்ந்த தூசு எடைபோடப்பட்டது. வடிதாளில் படிந்த கறையின் கருமை மதிப்பிடப்பட்டது. பின்னர் பருமன் வாரியாகப் பிரித்து எடைபோடப்பட்டது. இலண்டன் நகரை முதன்மைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, இம்முறைகள் ஒவ்வொன்றும் எதைக் காட்டின, எதைக் காட்டாது விட்டன, அதன் விளைவாக மாசுக்குப் பொறுப்பாளி யார் என்னும் தீர்ப்பு எவ்வாறு மாறியது என்பனவற்றை ஆராய்கிறது. கருவி மாறியபோதெல்லாம் சட்டத்தின் பார்வையில் மாசுபடுத்துபவரும் மாறினார் என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: துகளடர்த்தி, கரும்புகை, வடிதாள், இலண்டன் புகைப்பனி, பி.எம்.2.5, அளவியல் வரலாறு.

1. முன்னுரை

இலண்டனின் நிலக்கரிப் புகையைப் பற்றிய முறையீடுகள் பழமையானவை. ஜான் ஈவ்லின் 1661-இல் வெளியிட்ட 'ஃபூமிஃபூஜியம்' என்னும் சிறுநூல், புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே அகற்ற வேண்டும் என அரசனிடம் கோரியது. அந்நூலில் புகையின் கேடு விரிவாகப் பேசப்படுகிறது; புகையின் அளவு பேசப்படவில்லை. கண் எரிந்தது, துணி கறுத்தது, செடி வாடியது என்பனவே சான்றுகளாயின. அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

அளக்கப்படாத ஒன்றைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது கடினம். இவ்வளவுக்கு மேல் குற்றம் என வரையறுக்க, முதலில் 'இவ்வளவு' என்பதற்கு ஓர் அலகு வேண்டும். ஆனால் காற்றிலுள்ள துகளுக்கு இயல்பான அலகு எதுவும் இல்லை. துகள்கள் ஒரே பொருளாலானவை அல்ல. ஒரே பருமனுடையவையும் அல்ல. பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளின் எடை, அதே பொருளாலான 0.1 மைக்ரோமீட்டர்த் துகள்கள் பத்து இலட்சத்தின் எடைக்குச் சமம். எனவே எடை போடுபவருக்குப் பெருந்துகளே முதன்மையாகத் தெரியும். எண்ணுபவருக்கு நுண்துகளே தெரியும். கருமையைப் பார்ப்பவருக்குக் கரி மட்டுமே தெரியும். எதை அளப்பது என்னும் தேர்வே பிற்கால வாதங்கள் பலவற்றின் வேராக அமைந்தது.

2. கண்ணே கருவி: ரிங்கெல்மன் அட்டை

புகையைத் தரப்படுத்தும் முதல் எளிய முறையைப் பாரிசில் பணியாற்றிய பொறியியல் பேராசிரியர் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் 1880-களின் இறுதியில் உருவாக்கினார். வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வரைந்தால், தொலைவிலிருந்து காண்பவருக்கு அது சாம்பல் நிறமாகத் தோன்றும். கோடுகளின் தடிப்பைக் கூட்டக் கூட்டச் சாம்பல் நிறம் அடரும். முழு வெண்மை 0. அதன்பின் ஒவ்வொரு படியிலும் கருமை 20 விழுக்காடு உயர்ந்து, முழுக் கருமை 5 ஆகிறது. ஆய்வாளர் அட்டையைத் தொலைவில் நிறுத்தி, ஆலைப் புகைபோக்கியிலிருந்து வெளிவரும் புகை எந்தப் படியை ஒத்திருக்கிறது எனக் குறித்துக்கொள்வார்.

இவ்வட்டை மலிவானது, பயிற்சி பெற்ற கண்ணுக்கு ஓரளவு நம்பகமானது, நீதிமன்றத்தில் எண்ணாகச் சொல்லத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களின் புகைச் சட்டங்கள் இதனை ஏற்றுக்கொண்டன. ஆயினும் இது காற்றை அளக்கவில்லை, புகைபோக்கியின் வாயை மட்டுமே அளந்தது. உயர்ந்த, தனித்த, பகலில் புகையும் புகைபோக்கியே இதற்கு அகப்படும். ஆகவே இம்முறையில் குற்றவாளி ஆலையாகவே இருக்க முடியும். இலண்டனின் இலட்சக்கணக்கான வீட்டு அடுப்புகள் ஒவ்வொன்றும் கக்கிய சிறு புகையை இவ்வட்டையால் வழக்காக்க இயலவில்லை. இந்தியாவில் காலனிய அரசு இயற்றிய வங்காளப் புகைத்தொல்லைச் சட்டமும் (1905) பம்பாய்ப் புகைத்தொல்லைச் சட்டமும் (1912) உலைகளின் புகையையே குறிவைத்தன என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

3. எண்ணிக்கை: எய்ட்கனின் தூசு எண்ணி

இதே பத்தாண்டில் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் வாழ்ந்த ஜான் எய்ட்கன் முற்றிலும் வேறொரு வழியில் சென்றார். நீராவி துளியாகத் திரள்வதற்குத் தூசு ஒரு கருவாக அமைகிறது என்பதை அவர் 1880-ஆம் ஆண்டளவில் ஆய்வின்வழிக் காட்டியிருந்தார். தூசு நீக்கப்பட்ட காற்றில், ஈரம் மிகுந்திருந்தும் மூடுபனி உருவாகவில்லை. இதைத் திருப்பிப் போட்டால் ஓர் அளவுகருவி கிடைக்கிறது: ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு துகள் உண்டெனில், துளிகளை எண்ணுவது துகள்களை எண்ணுவதாகும்.

1888-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் விளக்கிய தூசு எண்ணி இவ்வாறு இயங்கியது. சிறிதளவு காற்று, தூசு நீக்கிய ஈரக்காற்றுடன் கலக்கப்படும். கலத்திலுள்ள காற்றைத் திடீரென விரியச் செய்தால் அது குளிர்ந்து, ஒவ்வொரு துகளின்மேலும் நீர் திரண்டு சிறு மழையாக விழும். கட்டமிட்ட வெள்ளித் தகட்டில் விழுந்த துளிகளை உருப்பெருக்கியால் எண்ணி, கலப்பு விகிதத்தால் பெருக்கினால் எண்ணிக்கை கிடைக்கும். மழைக்குப் பின் வெளிக்காற்றில் ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 32 ஆயிரம் துகள்கள் எனவும், உலர்ந்த வானிலையில் 1 இலட்சத்து 30 ஆயிரம் எனவும், வளிவிளக்கு எரியும் அறையில் பல இலட்சங்கள் எனவும் எய்ட்கன் கணக்கிட்டார். தூய்மையாகத் தோன்றும் அறைக்காற்று தெருக்காற்றைவிடத் துகள் செறிந்தது என்னும் முடிவு, கண்ணுக்குத் தெரியும் புகையே மாசு என்னும் பொதுக்கருத்துக்கு எதிரானது.

ஆயினும் எய்ட்கனின் அக்கறை மேகத்தின்பாலும் மூடுபனியின்பாலும் இருந்தது; நகரச் சுகாதாரம் அவருக்கு இரண்டாம் நிலையிலேயே அமைந்தது. நகராட்சிகளுக்கும் அவருடைய எண்களால் பயன் விளையவில்லை. ஒரு கனசென்டிமீட்டரில் ஒரு இலட்சம் என்றால் அது யாருடைய குற்றம், எந்த அடுப்பின் புகை என்பதை அவ்வெண் சொல்லவில்லை. எனவே எண்ணும் முறை வானிலையியலாரிடமே தங்கிவிட்டது. நகரம் எடையை நாடியது.

4. எடை: வீழ்தூசுக் கலம்

நிலக்கரிப் புகை ஒழிப்புச் சங்கம் 1898-இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. புகையையும் மூடுபனியையும் இணைத்து 'ஸ்மாக்' (புகைப்பனி) என்னும் சொல்லை 1905-இல் பொதுமேடையில் வழங்கிய மருத்துவர் தெ வோ இச்சங்கத்தைச் சேர்ந்தவர். சங்கத்தின் கோரிக்கைக்கு எண்வலிமை தேவைப்பட்டது. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வகம் 1910-11-இல் இலண்டனின் சில இடங்களில் கலங்களை வைத்து, மழையோடும் மழையின்றியும் வீழ்ந்த கரியைத் திரட்டி எடைபோட்டு, முடிவுகளை 1912-இல் வெளியிட்டது. அதே ஆண்டு இலண்டனில் நடந்த புகை ஒழிப்புக் கண்காட்சியை ஒட்டி வளிமண்டல மாசு ஆய்வுக்குழு அமைந்தது. வானிலையியலாளர் நேப்பியர் ஷா தலைவராகவும் ஜான் ஸ்விட்சர் ஓவன்ஸ் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். இக்குழு 1917-இல் வானிலை அலுவலகத்தோடும், 1927-இல் அறிவியல் தொழிலாய்வுத் துறையோடும் இணைக்கப்பட்டது.

குழுவின் முதற்கருவி வீழ்தூசுக் கலமாகும். பரந்த வாயுடைய புனல், அதன் கீழே ஒரு குடுவை, அவ்வளவே. மாதம் ஒருமுறை குடுவையிலுள்ளதைப் பகுப்பாய்வு செய்து, கரையாத பொருள், தார், சாம்பல், கரைந்த உப்புகள் எனப் பிரித்துச் சதுர மைலுக்கு இத்தனை டன் என அறிவித்தனர். இவ்வலகு பொதுமக்களைக் கவர்ந்தது. தம் தெருவின்மேல் மாதந்தோறும் டன் கணக்கில் கரி கொட்டுகிறது என்னும் செய்தி நாளிதழ்களுக்கு ஏற்றது. சலவைச் செலவையும் கட்டடச் சேதத்தையும் கணக்கிடவும் உதவியது.

எனினும் இக்கலம் அளந்தது காற்றில் இருப்பதை அன்று, காற்றை விட்டு இறங்குவதையே. பத்து மைக்ரோமீட்டர்த் துகள் அசைவற்ற காற்றில் நொடிக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இறங்கும், 0.1 மைக்ரோமீட்டர்த் துகளோ நாள் முழுவதும் பத்து சென்டிமீட்டர்கூட இறங்காது. நுரையீரலின் உட்பகுதிவரை செல்லும் துகள், புனலில் பெரும்பாலும் வீழ்வதில்லை. வீழ்தூசுக் கலம் கூரைக்கும் துணிக்கும் நேரும் கேட்டை அளந்தது. மூச்சுக்கு நேரும் கேட்டை அதனால் அளக்க இயலவில்லை. மேலும் மாதத்துக்கு ஓர் எண் என்பதால், ஒரு நாளின் கொடும்புகை முப்பது நாள்களின் சராசரியில் கரைந்துபோனது.

5. கருமை: ஓவன்சின் வடிதாள்

இக்குறையை உணர்ந்த ஓவன்ஸ், முதல் உலகப்போரின் இறுதியை ஒட்டித் தானியங்கி வடிகருவியை உருவாக்கினார். நீர் வடியும் விசையால் குறிப்பிட்ட அளவு காற்று வெள்ளை வடிதாளின் ஊடாக இழுக்கப்படும். தாளில் ஒரு சாம்பல் பொட்டு விழும். தாள் சற்றே நகர்ந்து அடுத்த பொட்டுக்கு இடம் தரும். ஒரு நாள் முடிவில், மணிவாரியான பொட்டுகளின் வரிசை கிடைக்கும். ஒவ்வொரு பொட்டின் கருமையையும் வரிசைப்படுத்திய சாயல் அட்டையோடு ஒப்பிட்டு எடைக்கு மாற்றினர்.

வரலாற்று நோக்கில் இக்கருவியின் பெரும்பேறு அதன் நேரப் பகுப்பே ஆகும். இரவின் பிற்பகுதியில் காற்று ஓரளவு தெளிந்திருக்க, காலையில் அடுப்பு மூட்டும் நேரத்தில் பொட்டுகள் விரைந்து கறுத்தன. ஆலைகள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையிலும் புகை முற்றும் ஓயவில்லை; வீடுகள் விழிக்கும் நேரம் பிந்தியதால் புகையின் ஏற்றமும் பிந்தியது. இலண்டன் புகையின் பெரும்பங்கு கணப்படுப்புகளிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதற்குமுன் இருந்ததில்லை. ரிங்கெல்மன் அட்டை ஆலையைச் சுட்டியதுபோல் ஓவன்சின் தாள் வீட்டைச் சுட்டியது. ஷாவும் ஓவன்சும் 1925-இல் வெளியிட்ட 'பெருநகரங்களின் புகைச் சிக்கல்' என்னும் நூல் இம்முடிவுகளைத் தொகுத்தளித்தது.

சான்று கிடைத்ததும் சட்டம் மாறிவிடவில்லை. நியூட்டன் பிரபு தலைமையிலான குழு 1921-இல் அளித்த இறுதியறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட 1926-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதார (புகை ஒழிப்பு)ச் சட்டம் தனியார் வீடுகளுக்கு விலக்களித்தது. கணப்படுப்பு ஆங்கிலேய இல்லத்தின் நடுவிடமாகக் கருதப்பட்டதும், வாக்காளரின் வீட்டுக்குள் அரசு நுழைவதற்கு இருந்த தயக்கமும் இதற்குக் காரணங்களாயின. அளவு கிடைத்த நாளுக்கும் அந்த அளவுக்குச் சட்டம் செவிசாய்த்த நாளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியிலேயே 1952 நேர்ந்தது.

6. 1952 டிசம்பர்: துகளின் கணக்கும் சாவின் கணக்கும்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனின்மேல் எதிர்ச்சூறாவளி நிலைகொண்டது. வெப்பநிலைத் தலைகீழாக்கம் புகையைத் தரையோடு அழுத்தியது. குளிரால் அடுப்புகள் மிகுதியாக எரிந்தன. அரசுக் கண்காணிப்பு நிலையங்களில் பதிவான கரும்புகையின் நாட்சராசரி, மிக உயர்ந்த இடத்தில் ஒரு கனமீட்டருக்கு 4.46 மில்லிகிராம், அதாவது 4,460 மைக்ரோகிராம். கந்தக டையாக்சைடு பத்து இலட்சத்தில் 1.34 பங்கு வரை உயர்ந்தது.

இவ்வெண்களைக் கையாளும்போது இரு செய்திகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, இவை எடைபோட்டுப் பெற்றவை அல்ல. கறையின் கருமையிலிருந்து மாற்றிப் பெற்றவை. முற்றும் கறுத்த தாள் அதற்குமேல் கறுக்காது. ஆகவே மாசு மிகக் கடுமையாகும் நிலையில்தான் இம்முறையின் நுட்பம் குறைகிறது. இரண்டாவது, கரியைப்போல் கறுக்காத கந்தக அமிலத் துளிகள் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

சாவின் கணக்கும் இதற்கு இணையான சிக்கலை உடையது. லோகன் என்பார் 1953-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையும் சுகாதார அமைச்சகத்தின் 1954-ஆம் ஆண்டறிக்கையும் வழக்கத்தைவிட மிகுதியான சாவுகள் ஏறத்தாழ 4,000 என மதிப்பிட்டன. நாள்வாரியான புகையளவும் நாள்வாரியான சாவும் சேர்ந்தே ஏறி இறங்கியதை வரைபடங்கள் காட்டின. ஆனால் புகைப்பனி விலகிய பின்பும் 1953-இன் தொடக்க மாதங்களில் சாவு விகிதம் இயல்புக்குத் திரும்பவில்லை. அவ்வெச்சத்தை அமைச்சகம் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலின் கணக்கில் வைத்தது. ஐம்பதாண்டுகள் கழித்து மிஷெல் பெல்லும் தெவ்ரா டேவிசும் 2001-இல் வெளியிட்ட மறுமதிப்பீடு, அந்த அளவு சாவுகளைக் காய்ச்சலால் மட்டும் விளக்க இயலாது என வாதிட்டு, 1953 பிப்ரவரி வரையிலான மிகைச்சாவுகளை ஏறத்தாழ 12,000 எனக் கணித்தது. எட்டாயிரம் உயிர்கள் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு இடம் மாறின. துகள் காற்றில் இருந்த நாள்கள் ஐந்து. அது உடலில் இருந்த காலம் அதனினும் நெடிது என்பதே இவ்வேறுபாட்டின் உட்பொருள்.

இதற்கு வலுவூட்டும் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1952-இல் இறந்தோரின் பிணக்கூறாய்வில் எடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்த நுரையீரல் திசுக்களை ஆன்ட்ரூ ஹன்ட் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். திசுக்களில் கரிம நுண்துகள் திரள்களும் ஈயம் உள்ளிட்ட உலோகத் துகள்களும் காணப்பட்டன. அன்றைய கருவிகள் பிரித்தறியாத துகள்களை அன்றைய உடல்கள் திரட்டி வைத்திருந்தன. வடிதாள் செய்யாத பதிவை நுரையீரல் செய்திருந்தது எனலாம்.

ஹியூ பீவர் தலைமையில் 1953-இல் அமைந்த குழு 1954 நவம்பரில் இறுதியறிக்கை அளித்தது. 1956-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் புகையிலா மண்டலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்கி, வீட்டு அடுப்பையும் முதன்முறையாகச் சட்ட வரம்புக்குள் கொணர்ந்தது. ஓவன்சின் பொட்டுகள் சொன்னதை நாடாளுமன்றம் கேட்டது அப்போதுதான்.

7. தேசியக் கணக்கெடுப்பும் டீசல் கரியும்

1961-இல் பிரிட்டன் தொடங்கிய புகை, கந்தக டையாக்சைடு தேசியக் கணக்கெடுப்பு, நாடு தழுவிய ஒருங்கிணைந்த மாசுக் கண்காணிப்பு வலையமைப்புகளுள் உலகில் முதலாவதாகக் கருதப்படுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களில் நாள்தோறும் ஒரு தாள் மாற்றப்பட்டது. கறையின் கருமை ஒளிபிரதிபலிப்புமானியால் அளக்கப்பட்டு, ஒரு திட்ட வளைகோட்டின் உதவியால் மைக்ரோகிராமாக மாற்றப்பட்டது. பேட்ரிக் லாதரும் ராபர்ட் வாலரும் மூச்சுக்குழாய் அழற்சி நோயாளிகள் தம் உடல்நிலையை அன்றாடம் குறித்த நாட்குறிப்புகளை இவ்வளவுகளோடு ஒப்பிட்டு 1970-இல் வெளியிட்ட ஆய்வு, மலிவான இம்முறையின் வலிமைக்குச் சான்றாகும்.

அவ்வளைகோட்டுக்குள் ஒரு முன்முடிவு மறைந்திருந்தது. இவ்வளவு கருமைக்கு இவ்வளவு எடை என்னும் விகிதம், நகரப் புகை நிலக்கரிப் புகையே என்னும் நிலையில் வகுக்கப்பட்டது. 1960-களுக்குப் பின் நிலக்கரி குறைந்து டீசல் ஊர்திகள் பெருகின. டீசல் புகை எடைக்கு எடை நிலக்கரிப் புகையைவிடக் கருமை மிக்கது. எனவே பழைய வளைகோட்டின்படி பெறும் எடை உண்மை எடையாகாது. மறுபுறம், நிறமற்ற சல்ஃபேட், நைட்ரேட் துகள்களை இம்முறை அறவே காணவில்லை. 'கரும்புகை, மைக்ரோகிராம்' என அட்டவணைகளில் எழுதப்பட்ட எண், காலப்போக்கில் எடையாக இல்லாமல் கருமையின் குறியீடாக மட்டுமே எஞ்சியது. நாற்பதாண்டுத் தொடரை ஒரே வரைபடத்தில் இட்டு, காற்று இத்தனை மடங்கு தூய்மையாயிற்று எனக் கூறும் ஆய்வாளர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

8. மொத்த எடையிலிருந்து பருமனுக்கு

பிரிட்டன் கருமையைப் பின்பற்றிய காலத்தில் அமெரிக்கா எடையைப் பின்பற்றியது. மிகைக்கொள்ளளவு மாதிரிவாங்கி, மின்னியங்கு ஊதியால் பெருமளவு காற்றைக் கண்ணாடியிழை வடிதாளின் ஊடாக 24 மணிநேரம் இழுக்கும். தாளை முன்னும் பின்னும் எடைபோட்டால் மொத்த மிதவைத் துகளின் அளவு கிடைக்கும். 1971-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தரம் இதற்கு நாளொன்றுக்கு 260 மைக்ரோகிராம் என வரம்பு விதித்தது. காற்று வீசும் நாளில் வயல்மண்ணும் தெருப்புழுதியும் இத்தாளை நிறைத்தன. வறண்ட நிலத்து ஊர் ஆலைநகரைவிட அழுக்காகத் தோன்ற முடிந்தது.

இச்சிக்கலுக்கு விடை, துகள் இயற்பியலிலிருந்து வந்தது. கே. ஆர். மே 1945-இல் விளக்கிய அடுக்கு மோதற்கருவி, வளைந்து ஓடும் காற்றோட்டத்திலிருந்து பருத்த துகள் விலகி மோதும் என்னும் நெறியால் துகள்களைப் பருமன்வாரியாகப் பிரித்தது. மினசோட்டாவைச் சேர்ந்த கென்னத் விட்பி, 1969-இல் பாசடீனாவில் மேற்கொண்ட அளவீடுகளிலிருந்து தொடங்கி, நகரத் துகள்கள் ஒரே தொடராக இல்லாமல் தனித்தனித் தோற்றமுடைய மூன்று திரள்களாக அமைகின்றன எனக் காட்டினார். எரிதலிலிருந்தும் வளிகளின் வேதிமாற்றத்திலிருந்தும் பிறப்பவை நுண்ணியவை. உடைதலிலும் தேய்தலிலும் பிறப்பவை பருத்தவை. இவற்றுள் மிக நுண்ணிய திரளொன்று இன்றும் எய்ட்கன் பெயரால் வழங்குகிறது.

இதன் விளைவாக 1987-இல் அமெரிக்கா மொத்தத் துகள் அளவைக் கைவிட்டு, காற்றியக்க விட்டம் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகளான பி.எம்.10-ஐ ஏற்றது. காற்றியக்க விட்டம் என்பது துகளின் உண்மை விட்டமன்று. அதே வேகத்தில் இறங்கும் நீரடர்த்தியுள்ள கோளத்தின் விட்டமே அது. 1993-இல் டக்லஸ் டாக்கரியும் பிறரும் வெளியிட்ட ஆறு நகர ஆய்வு, 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, மாசு மிகுந்த நகரின் சாவு விகிதம் மாசு குறைந்த நகரினதைவிட 26 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. நுண்துகளோடு அத்தொடர்பு வலுவாக இருந்தது. 1997-இல் பி.எம்.2.5 தரம் வந்தது. தொழில்துறையினர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. தரம் வகுக்கையில் செலவைக் கணக்கில் கொள்ளக் கூடாது என 2001-இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு வடிதாளின் வாயிலில் எவ்வளவு பருத்த துகளை அனுமதிப்பது என்னும் நுட்பச் சிக்கல் அரசியலமைப்பு வழக்காக வளர்ந்த நிகழ்வு இது.

இலண்டன் 1992-இல் பி.எம்.10-ஐத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது. அங்குப் பயன்பட்ட அலைவு நுண்தராசு, அதிரும் குழலின் நுனியில் படியும் எடையால் அதிர்வெண் குறைவதைக் கொண்டு மணிதோறும் எடையைச் சொல்லியது. ஈரத்தைப் போக்க அது மாதிரியை 50 பாகை செல்சியசுக்குச் சூடாக்கியது. அச்சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் போன்ற எளிதில் ஆவியாகும் துகள்களும் மறைந்தன. குறையை ஈடுசெய்ய அளவீட்டை 1.3-ஆல் பெருக்கும் வழக்கம் வந்தது. ஒரு நகரம் ஐரோப்பிய வரம்பை மீறியதா இல்லையா என்பது சில நாள்களில் இப்பெருக்கெண்ணைச் சார்ந்தே அமைந்தது.

9. இந்தியத் தரங்களில் இவ்வரலாற்றின் சாயல்

இந்தியாவின் தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்பு 1984-இல் ஆக்ரா, அன்பரா ஆகிய இடங்களில் ஏழு நிலையங்களுடன் தொடங்கியது. அமெரிக்க வழியில் மொத்த மிதவைத் துகளே முதலில் அளக்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டுத் தரம் 24 மணிநேர வரம்பைத் தொழிற்பகுதிக்கு 500, குடியிருப்புப் பகுதிக்கு 200, கூருணர்வுப் பகுதிக்கு 100 மைக்ரோகிராம் எனப் பகுத்தது. நுரையீரல் ஒன்றே, அது மூச்சுவிடும் இடத்துக்கேற்ப வரம்பு ஐந்து மடங்குவரை வேறுபட்டது. ஆலையை ஒட்டி வாழ்வோர் பெரும்பாலும் அவ்வாலையின் தொழிலாளரே என்பதால் இப்பகுப்பின் சுமை யார்மேல் விழுந்தது என்பது வெளிப்படை. 2009 நவம்பரில் வெளியான தரம் மொத்தத் துகளை நீக்கி, பி.எம்.10, பி.எம்.2.5 ஆகியவற்றைக் கொணர்ந்ததோடு, தொழிற்பகுதிக்கும் குடியிருப்புக்கும் ஒரே வரம்பை வகுத்தது. பி.எம்.2.5-க்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் என்பது அவ்வரம்பு. உலக நல்வாழ்வு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு அளவு 5.

10. எண்ணிக்கையின் மீள்வரவு

அண்மைக்கால மாற்றம் இவ்வரலாற்றைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துள்ளது. மேம்பட்ட டீசல் பொறிகள் வெளியிடும் துகளின் எடை மிகச் சிறிது, எண்ணிக்கையோ பெரிது. எடை வரம்பை எளிதில் கடக்கும் பொறியும் கோடிக்கணக்கான மீநுண் துகள்களை வெளியிடக்கூடும். ஆகவே ஐரோப்பிய ஊர்தித் தரம், 2011-இலிருந்து புதுவகை டீசல் கார்களுக்கு எடையோடு எண்ணிக்கையையும் வரம்பிட்டது: கிலோமீட்டருக்கு 6 இலட்சம் மில்லியன் துகள்கள். அதை எண்ணும் கருவி, துகளின்மேல் ஆவியைத் திரளச் செய்து துளியாக்கி எண்ணுகிறது. நீருக்கு மாற்றாகப் பெரும்பாலும் பியூட்டனால், வெள்ளித் தகட்டுக்கு மாற்றாக ஒளிக்கற்றை என்பனவே வேறுபாடு, நெறி எய்ட்கனுடையது.

இவ்வளவுகள் ஒரு தனிமனித உயிரின் வழக்கில் சான்றாகவும் அமையத் தொடங்கிவிட்டன. இலண்டனின் தென்கிழக்கில் நெரிசல்மிக்க சாலை ஒன்றின் அருகே வாழ்ந்து, 2013-இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் சாவு பற்றிய இரண்டாம் விசாரணையில், காற்று மாசும் அச்சாவுக்கு ஒரு காரணம் என 2020 டிசம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் தீர்ப்புரைத்தார். வீட்டை அடுத்த பகுதிக் கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகள் அவ்விசாரணையில் இன்றியமையாத இடம்பெற்றன. 1952-இல் ஆயிரக்கணக்கானோரின் சாவு ஒரு மிகைத்தொகையாக மட்டுமே கணக்கிடப்பட்டது. அவர்களுள் யாருடைய இறப்புச் சான்றிலும் 'புகை' என எழுதுதல் வழக்காறன்று. எழுபதாண்டு இடைவெளியில், ஒரு குழந்தையின் இறப்புக் காரணத்தில் காற்று இடம்பெற்றது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒன்று, துகளடர்த்தி என்னும் கருத்து கருவியோடு பிணைந்தது. ரிங்கெல்மன் அட்டையில் அது புகைபோக்கியின் நிறம், வீழ்தூசுக் கலத்தில் கூரைமேல் படிந்த சுமை, ஓவன்சின் தாளில் கறை, மாதிரிவாங்கியில் எடை. இவற்றை ஒரே பொருளின் வளர்ந்துவரும் துல்லியமாகக் கொள்வது பிழையாகும்.

இரண்டு, ஒவ்வொரு கருவியும் தனக்குரிய பொறுப்பாளியைக் காட்டியது. ஆலை, வீட்டு அடுப்பு, புழுதி, டீசல் ஊர்தி எனக் குற்றச்சாட்டு இடம் மாறியதில் மாசின் மாற்றத்துக்குப் பங்குண்டு. அளவுமுறையின் மாற்றத்துக்கும் பங்குண்டு.

மூன்று, அளவீடு தேவையானதேயன்றிப் போதுமானதன்று. இலண்டனின் வீட்டுப்புகையை வடிதாள் 1920-களிலேயே காட்டிவிட்டது. அதன்மேல் சட்டம் இயற்ற 1956 வரை காலம் சென்றது. அதற்கு முன்னர் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

நான்கு, பழைய மாசுத் தொடர்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர், எண்ணுக்கு முன் அவ்வெண்ணைத் தந்த கருவியையும், அது காணாது விட்டதையும் அறிந்துகொள்வது கட்டாயமாகும். இந்திய நகரங்களின் 1980-கள், 1990-களுக்குரிய மொத்த மிதவைத் துகள் பதிவுகளை இன்றைய பி.எம்.2.5 அளவுகளோடு நேரடியாக ஒப்பிட இயலாது. அப்பதிவுகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. எந்தத் தாளில், எந்த வாயிலின் வழியே, எத்தனை மணிநேரம் இழுக்கப்பட்ட காற்று அது என்னும் விவரங்களோடு சேர்த்துப் படிக்கும்போதே அவை வரலாற்றுச் சான்றாகின்றன.